எதிராளியின் கையைப் பார்க்கலாம்

பிப்ரவரி 3

அன்புள்ள ஊசி,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் காலுக்கடியில் தடிமனாக ஏதாவது மடித்துப் போட்டுக்கொண்டு மண்டியிடு என்று போன தடவையே சொன்னேன். செய்திருக்க மாட்டாய். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ம்' என்பாய். முப்பத்தெட்டு வயதிலும் உன்னைப் பேசவைக்க எனக்குக் கடிதத்தை விட்டால் வழியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துக் கடையை எடுத்து நடுச்சுவரை இடித்தாயிற்று. இந்தப் பக்கம் பெயின்ட் விற்பனை, அந்தப் பக்கம் கலர் கலக்கும் மெஷின். ஒரே ஆளாக இரண்டு பக்கமும் ஓடுகிறேன். நான் மெஷினில் நின்றால் இங்கே பெயின்டர்கள் தாங்களே டப்பா மூடியை நெம்பித் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். உன் அத்தான் உதவிக்கு வந்தார். பள்ளிக்கூடத்து மனிதர். ஒருவர் வெள்ளை கேட்டார், இவர் வெள்ளை கொடுத்துவிட்டார். எந்த வெள்ளை என்று கேட்க வேண்டாமா? என்னிடம் பதினான்கு வெள்ளை இருக்கிறது.

சைக்கிளில் பிரஷ் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்று ஆரம்பித்தது இந்தக் கடை. இனி தனியாக இழுக்க முடியாது. நீ வா. வருஷ முடிவுக்குள் வந்தால் போதும். பாதிக் கடை உனக்கு. பேச்சுக்குச் சொல்லவில்லை, பத்திரத்தில் எழுதியே தருகிறேன். ஒரு தடவைதான் கேட்பேன். வரமுடியாது என்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன், கோபப்பட மாட்டேன்.

உன் கார்டு மந்திரவாதிகள் எப்படி இருக்கிறார்கள்? சனிக்கிழமை கிளப்பில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்கால் பரவாயில்லை. அத்தானுக்கு என் வணக்கம், பதினான்கு வெள்ளைக்கு என் அனுதாபமும்.

ஆமாம், தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று நீதான் சொல்லவேண்டும், சரக்கு விஷயத்தில் உனக்குக் கண் உண்டு. ஆட்டம் உனக்கு மறந்திருக்கும், ஒருமுறை சொல்கிறேன். ஆளுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு நாற்பது கார்டு, ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் ஜெயித்தோம். என் கட்டு முழுக்க மந்திரவாதிக் கட்டு. பத்தொன்பது மந்திரவாதிகள், பதினாறு மந்திரங்கள், எதிராளி போடுவதை ரத்து செய்ய ஐந்து எதிர்மந்திரங்கள். மந்திரவாதி சும்மா நின்றால் நோஞ்சான். நாம் போடும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவன் பலம் ஒன்று ஏறும். எங்கள் கிளப்பில் பல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், டிராகன் கட்டு வைத்து ஆடுபவர். என் மந்திரவாதிகளை அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது போல ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுகிறார்.

நவம்பரில் பெரிய போட்டி. முதல் எட்டு இடத்துக்குள் வருபவர்களை கார்டு கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. புதுக் கார்டுகளை வெளியே விடுமுன் ஆடிப் பார்த்துச் சொல்லும் வேலை. பதினாறு வருஷமாக இருட்டுக் குழிக்குள் கிரீஸ் பூசுகிறவனுக்கு வேறு எந்தக் கதவு திறக்கப்போகிறது?

கடை விஷயம், பார்க்கலாம்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

ஊசி

*

மார்ச் 2

அன்புள்ள ஊசி,

நாங்கள் சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

கடை விஷயத்தில் உன் பதில் கிடைத்தது. சரி.

உன் கட்டைப் படித்தவுடன் தலையில் கைவைத்துக்கொண்டேன். நாற்பதில் பத்தொன்பது மந்திரவாதிகளா? ஒரு கடையில் பத்தொன்பது பேர் சட்டையில் பேனா குத்திக்கொண்டு நிற்கிறார்கள், அலமாரியில் சரக்கு இல்லை, அப்படி இருக்கிறது நீ சொல்வது. மந்திரம் போட்டால்தானே அவனுக்குப் பலம் என்கிறாய். போட மந்திரம் எங்கே? ஆளைக் குறை, சரக்கை ஏற்று. பத்து அல்லது பதினோரு மந்திரவாதி போதும். அதுவும் சின்ன மந்திரங்களாகப் பார்த்துச் சேர். தினமும் விற்பது சின்ன டப்பாக்கள்தான். பெரிய டிரம்மை வாசலில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், வருஷத்துக்கு இரண்டு போகும்.

இங்கே ஒரு வேடிக்கை. நேற்று ஒருவர் கையில் டேப்போடு வந்து, கேட்காமலேயே கடையின் அகலத்தை அளந்தார். என்ன வேணும் என்றேன். "சும்மாதாம்மா, ஒரு ஐடியாவுக்கு" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். புதுக் குடியிருப்பு ஒன்றில் ஆறு லிஃப்ட், ஆறும் ஒன்று மாற்றி ஒன்று மாடிக்கு நடுவே நின்றுவிடுகின்றன. நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே.

நீ சொன்னபடி பதினோரு மந்திரவாதி, இருபத்துமூன்று மந்திரம், ஆறு எதிர்மந்திரம் என்று மாற்றினேன். கட்டு வேறு மாதிரி ஓடுகிறது. மூன்று சனிக்கிழமையில் இரண்டில் ஜெயித்தேன். கிளப்காரர்கள் யார் சொல்லிக் கொடுத்தது என்றார்கள். பெயின்ட் கடைக்காரி என்றேன், நம்பவில்லை.

ஒரு சிக்கல். 'ஏழாம் இடி' என்று ஒரு மந்திரம். போட்டால் எதிராளியின் உயிரில் ஏழு போகும், ஆனால் மந்திரம் போடச் சுற்றுக்குச் சுற்று சேரும் என் சக்தி முழுவதையும் தின்றுவிடும். எதிராளியின் கையில் ஒரு எதிர்மந்திரம் இருந்தால் என் இடி வீண், நானும் காலி. அதனால் நல்ல நேரம் பார்த்துக் கையிலேயே வைத்திருக்கிறேன். தோற்ற ஆட்டம் எல்லாவற்றிலும் முடிவில் அது என் கையிலேயே இருந்திருக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஊசி

*

மே 6

அன்புள்ள ஊசி,

இங்கு நலம். லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் உன்னைத்தானே திட்டுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே.

உன் இடியைப் பற்றி. மொட்டைமாடிக்கு அடிக்கும் கசிவுத்தடுப்புப் பூச்சை ஒரு வருஷம் நிறைய வாங்கி அடுக்கினேன். மழை இன்னும் கனக்கட்டும், ஜனங்கள் ஓடி வருவார்கள், விலை ஏறும் என்று விற்காமல் காத்திருந்தேன். மழை வந்தது, கனத்தது, நான் இன்னும் கனக்கட்டும் என்றேன். ஒரு நாள் காலையில் வெயில் அடித்தது. அடுத்த வருஷம் டப்பாவைத் திறந்தால் உள்ளே தோல் கட்டியிருந்தது. எனக்குச் சரக்கும் தெரியும், மழையும் தெரியும். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. உனக்கும் அதே வியாதி. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று பயந்தே சாகாதே. போடு.

டேப்காரர் இன்னும் இரண்டு தடவை வந்தார். இந்த முறை கூட ஒருவர். தரையைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பெயர்ப்பலகை எத்தனை அடி என்றார். அவர்கள் கம்பெனிக்கு ஊருக்கு ஊர் பெயின்ட் கடை இருக்கிறதாம். எல்லாக் கடைக்கும் ஒரே பலகை, ஒரே நீலமாம். உன் அத்தான் அவர்கள் போனபின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் எப்போதும் பேசுவதில்லைதான், ஆனால் இது வேறு பேசாமை.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்.

அக்கா

*

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். முதலில் உட்கார்ந்துகொள். சிரித்து விழுந்துவிடுவாய்.

ஜன்னல்காரியை நினைவிருக்கிறதா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மந்திரவாதினி. நாம் சின்ன வயதில் ஆடிய முதல் பெட்டியிலேயே இருந்தாள். கார்டின் அடியில் என்ன எழுதியிருக்கும்? 'இவள் களத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியின் கையைப் பார்க்கலாம்.' நாம் அவளை எப்படி ஆடினோம்? ஒருவர் ஜன்னல்காரியை வைத்ததும் மற்றவர் அப்பா குரலில் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக் கார்டுகளைக் கவிழ்த்துக்கொள்வோம். காட்டமாட்டோம். அதுதான் விதி என்று நான் நேற்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் உதவாத கார்டு என்று என் கட்டில் அவளைச் சேர்த்ததே இல்லை.

நேற்று பல் டாக்டரம்மா ஒரு மாறுதலுக்கு அவளை இறக்கி, என் கையைக் காட்டச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கார்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"பார்க்கலாம்னுதானே சொன்னீங்க? காட்டுங்க."

"அதான் பார்க்கலாம்னு சொல்லிட்டேனே."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். காட்டுங்க."

நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் கார்டை எடுத்து வாய்விட்டு வாசித்து, இதில் என்ன தகராறு என்றார். "பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம் சார்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"எங்கப்பா."

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அக்கா, யோசித்துப் பார். எதிராளியின் கையில் எதிர்மந்திரம் இருக்கிறதா என்று தெரியாமல்தானே நான் ஏழாம் இடியை அடைகாத்துக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொள்ளும் கார்டு இருபத்தொன்பது வருஷமாகக் கண்முன் இருந்திருக்கிறது. இன்றே மூன்று மந்திரவாதிகளை எடுத்துவிட்டு மூன்று ஜன்னல்காரிகளைச் சேர்த்துவிட்டேன்.

அத்தானுக்கும் வாசித்துக் காட்டு.

ஊசி

*

ஜூலை 24

அன்புள்ள ஊசி,

வாசித்துக் காட்டினேன். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து இரண்டாவது தடவை பார்க்கிறேன்.

அப்பாவின் பார்க்கலாம். எனக்கு சைக்கிள் கேட்டேன், பார்க்கலாம். நீ பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டாய், பார்க்கலாம். அம்மா ஒரு தடவை சமையலறைக்கு ஒரு ஜன்னல் வைக்கக் கேட்டாள். முடியாது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை, நடந்தும் யாரும் பார்த்ததில்லை. நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. கடையிலும் எனக்கு அப்படித்தான். விலை கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று படியிறங்குகிறவர் திரும்பி வந்ததில்லை.

உன் கடிதத்தை மடித்துவைத்த பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழைய கடிதம் ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். சரி, அது கிடக்கட்டும். போட்டி நெருங்குகிறது. உன் மண்டையில் வேறெதையும் ஏற்ற நான் தயாரில்லை.

நவம்பர் பத்தாம் தேதிவரை எனக்கும் வேலை இருக்கிறது. டேப்காரர்கள் அதுவரை கெடு கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று ஜன்னல்காரி சரி. இரண்டு வந்து கையில் தேங்கினால் ஒன்றைத் தயங்காமல் கழித்துக்கட்டு.

அக்கா

*

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதுவது இன்றைக்குப் பொய். உடம்பு நலம்.

ஜூலைக்குப் பிறகு நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. நான் ஆடிக்கொண்டிருந்தேன். வேலை, கிளப், வேலை, கிளப். போட்டி நேற்று முடிந்தது. ஏழு ஆட்டத்தில் ஐந்து ஜெயித்து, எட்டாவதான கடைசி ஆட்டத்தில் பல் டாக்டரம்மாவோடு உட்கார்ந்தேன். ஜெயிப்பவர் முதல் எட்டுக்குள். என் ஜன்னல்காரி களத்தில் நிற்கிறாள். அவர் கையைப் பார்க்கிறேன், இரண்டு கார்டு, இரண்டும் குப்பை. எதிர்மந்திரம் இல்லை. அவருக்கு மிச்சம் ஐந்து உயிர். என் கையில் ஏழாம் இடி, போடச் சரியாக ஏழு சக்தி. போடவில்லை. இன்னும் ஒரு சுற்று பொறுத்தால் கையில் ஒரு எதிர்மந்திரத்துக்கும் சேர்த்துச் சக்தி இருக்கும், பத்திரமாகப் போடலாம் என்று நினைத்தேன். அடுத்த கார்டாக அவர் டிராகனை இழுத்தார், அந்த அடியிலேயே என் உயிர் பூஜ்யம். ஒன்பதாம் இடம் எனக்கு.

டாக்டரம்மா கை கொடுத்தார். "கையைப் பார்த்தப்புறமும் ஏங்க போடலை?" என்றார். கார்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வாசித்தேன். முதல் தடவையாக டேப்காரரை வாசித்தேன். அக்கா, யார் அவர்? கடையை அவர்களுக்கா கொடுக்கிறாய்? பிப்ரவரியில் நான் உனக்கு எழுதியதும் அந்தப் 'பார்க்கலாம்'தான். நீ அதை அப்பா சொல்வதாக எடுத்துக்கொண்டாயா? நான் பார்க்கலாம் என்றது பார்க்கலாம் என்றுதான்.

இன்று காலை மேலாளரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் வந்துவிடுவேன். மெஷின் பக்கம் எனக்கு. யாருக்கும் கையெழுத்துப் போடாதே.

ஊசி

*

நவம்பர் 10

அன்புள்ள ஊசி,

நானும் அத்தானும் சுகம். போட்டி முடிந்திருக்கும். ஜெயித்தாயா தோற்றாயா என்று தெரியாமல் எழுதுகிறேன், அதுவும் நல்லதுதான். எதுவாக இருந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது.

இன்று மதியம் கடையை அந்தக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். அலமாரி, மெஷின், பெயர்ப்பலகை மாட்டிய ஆணிவரை. முன்பே உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ போட்டியை விட்டுவிட்டு ஓடி வருவாய், அல்லது வராமல் இருந்து குற்றவாளி போல முழிப்பாய். இரண்டும் எனக்கு வேண்டாம். ஒரு தடவை கேட்டேன், நீ பதில் சொன்னாய், அதை வைத்து வியாபாரி செய்வதைச் செய்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது டேப்காரர் என்னிடம் ஒரு டீ வாங்கித் தரச் சொன்னார், வழக்கம்போல. வாங்கித் தந்தேன்.

எந்த இடம் வந்தாய் என்று எழுது.

அக்கா

*

நவம்பர் 14

ஊசி,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறாய். நான் பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டேன். தபால் வண்டியில் நம் இரண்டு கடிதமும் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நேற்றிலிருந்து ஏழு தடவை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கேள். கடை இல்லை. மெஷின் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. நாளைக்கே மேலாளர் அறைக்குப் போ. காலையில் போகாதே, புகார்க் கட்டு மேசையில் இருக்கும். சாப்பிட்டு வந்தபின் போ. குடும்பத்தில் ஒரு குழப்பம், தீர்ந்துவிட்டது, கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல். அழாதே, விளக்காதே. பதினாறு வருஷம் குழிக்குள் இறங்கிய ஆளை அவராலும் சுலபமாகத் தேட முடியாது. அவருக்கும் அது தெரியும்.

உன் சொல்லை நான் அப்பா சொல்லாகத்தான் வாசித்தேன். ஜூலையில் உன் கடிதம் வந்தபோது சந்தேகம் வந்தது. அன்றே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். ஒரு தடவைதான் கேட்பேன் என்று சொல்லிவிட்டோமே என்று வீம்பு. உன்னை இடி போடவில்லை என்று திட்டினேன். நானும் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே எனக்குக் கை கால் சும்மா இருக்கவில்லை. காலையில் எட்டரைக்கு வெளியே கிளம்பிவிடுகிறேன், எங்கே என்று தெரியாமல். நேற்று அத்தானின் புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கினேன். அவர் இப்போது ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறார்.

போனை எடு.

அக்கா

*

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போன் செய்தபோதெல்லாம் போன் என் கையில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கத் துணியவில்லை.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை. எழுதினேன், அது உண்மை. ஒன்பதாம் தேதி காலையில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கொடுத்துவிடுவேன் என்ற நிச்சயத்தில் உனக்கு முதலிலேயே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அப்புறம் மூன்றாம் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, போனேன். திரும்பி வந்தால் மேலாளர் கிளம்பியிருந்தார். மறுநாள் கொடுத்திருக்கலாம். அதற்கு மறுநாளும் கொடுத்திருக்கலாம். நான்காம் நாள் நீ கடையைக் கொடுத்த கடிதம் வந்தது. வாசித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. அதை உன்னிடம் மறைத்தால் இனி உன் முகத்தில் முழிக்க முடியாது.

பிப்ரவரியில் அந்தச் சொல்லை எழுதியபோது என்ன நினைத்து எழுதினேன் என்று இந்தப் பத்து நாளாக யோசிக்கிறேன். அப்பாவுடையதா என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை.

மேலாளருக்கு ஒன்றும் தெரியாது. நாளை காலை மறுபடி மூன்றாம் கட்டடம்.

திட்டி எழுது.

ஊசி

*

நவம்பர் 25

அன்புள்ள ஊசி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வேலை இருப்பதில் சந்தோஷம். முழங்காலைப் பார்த்துக்கொள். அத்தான் சுகம், புத்தகங்களைப் பழையபடி அடுக்கிவிட்டார்.

திட்டச் சொன்னாய். திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, நேரில் வரும்போது வைத்துக்கொள்ளலாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன இடம் காலியாக இருக்கிறது. நாளை பார்க்கப் போகிறேன். ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும் அளவு. பிரஷ், உப்புத்தாள், சின்ன டப்பாக்கள். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை.

பதின்மூன்றாம் தேதியிலிருந்து நேற்றுவரை பதினோரு நாள் நீ எனக்காக வேலையை விட்டவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பதினோரு நாளும் உன்னைத் திட்டித் தீர்த்தேன், அத்தானைக் கேட்டுப்பார். ஆனால் தெருவில் யார் நிறுத்திக் கேட்டாலும், கடையை ஏன் கொடுத்தீங்க என்று மட்டும் கேட்டவர்களிடம்கூட, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "என் தம்பி எனக்காக வேலையையே விட்டுட்டான், மடப்பயல்." பழைய பெயின்டர்கள், தையல்காரம்மா, டீக்கடைக்காரர், எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரு வார்த்தை சொல்ல என் ஆயுசில் எனக்கு வாய்த்ததில்லை.

அவர்கள் யாரிடமும் நான் போய்த் திருத்திச் சொல்லப்போவதில்லை. நீ இங்கே வந்தால், தெருவில் யாராவது கேட்டால், வழக்கம்போல 'ம்' என்று மட்டும் சொல்.

அக்கா